தேக்கு நடும் முன் ஒரு டேப் வாங்குங்கள்

ஊரில் கொஞ்சம் நிலம் கிடக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, தேக்கோ மகோகனியோ நட்டுவிட்டால் பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆகுமா என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. ஆகும். ஆனால் நட்டுவிட்டு மறந்துபோனால் ஆகாது. புதுக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கரில் 2004ல் தேக்கு வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இருபது ஆண்டு கழித்து உங்கள் தோட்டத்துக்கு வருகிற மர வியாபாரி எதைப் பார்ப்பார் என்று தெரிந்துகொண்டு, அதை நடும் நாளிலேயே பார்க்க ஆரம்பித்தால்தான் இது முதலீடு. இல்லையென்றால் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதற்கு இன்னொரு பெயர்.

முதலில் அளவு படியுங்கள்

எல்லோரும் கன்று வாங்கப் போகிறார்கள். நீங்கள் முதலில் ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் அறுவை மில்லுக்குப் போங்கள். உருட்டு மரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். துண்டின் நடுவில் சுற்றளவு எடுப்பார்கள், அதை நான்கால் வகுப்பார்கள், வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். அவ்வளவுதான் கணக்கு.

உதாரணத்துக்கு 10 அடி நீளத் துண்டு, நடுச் சுற்றளவு 36 அங்குலம். நாலில் ஒரு பங்கு 9 அங்குலம், அதாவது முக்கால் அடி. முக்காலை முக்காலால் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் 5.6 கன அடி. இப்போது அதே பத்தடி நீளத்தில் சுற்றளவு 24 அங்குலம்தான் என்றால்? அரை அடிக்கு அரை அடி, பத்தால் பெருக்க 2.5 கன அடி. சுற்றளவு ஒன்றரை மடங்கு கூடினால் கன அடி இரண்டேகால் மடங்கு கூடுகிறது. அதோடு நிற்கவில்லை, பருத்த மரத்துக்குக் கன அடி விலையே அதிகம், ஏனென்றால் ஒல்லி மரத்தில் வெளிப்பக்க வெள்ளை மரம் போக உள்ளே உறுதியான வைரம் மிஞ்சுவது கொஞ்சம்தான். கதவு நிலைக்கு வைரம் வேண்டும், வெள்ளையை உளுத்துப்போகும் என்று ஆசாரி ஒதுக்கிவிடுவார்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த நாலில் ஒரு பங்கு முறையில் வரும் கன அடி, மரத்தின் உண்மையான கன அளவைவிடக் குறைவு. உருண்டையாக நிற்கும் மரத்தில் 7.1 கன அடி இருந்தால் இந்தக் கணக்கில் 5.6தான் வரும். அது ஏமாற்று இல்லை, அறுக்கும்போது வீணாவதைச் சேர்த்துப் போட்ட பழைய வழக்கம். ஆனால் 'ஏக்கருக்கு இத்தனை கன அடி' என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேளுங்கள், அதோடு உருட்டு மர விலையா அறுத்த சைஸ் மர விலையா என்றும் கேளுங்கள். கடையில் அறுத்த தேக்கு விற்கும் விலையைத் தோட்டத்தில் நிற்கிற மரத்துக்குப் போட்டுக் கணக்குக் காட்டுகிறவர்களால்தான் பாதிப் பேர் இதில் இறங்குகிறார்கள்.

பணக் கணக்கைப் பேப்பரில் போடுங்கள்

1 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் கூட்டு வட்டியாக 20 ஆண்டு போட்டு வைத்தால் கிட்டத்தட்ட 3.87 லட்சம் ஆகும். எந்த வேலையும் இல்லாமல். ஆக உங்கள் ஏக்கருக்குக் கன்று, குழி, சொட்டு நீர், வேலி, களை, கவாத்து, காவல் எல்லாம் சேர்த்து முதல் ஐந்து ஆண்டில் என்ன செலவாகும் என்று எழுதி, அதைக் குறைந்தது நாலு மடங்காக்கிப் பாருங்கள், அதற்கு மேல் வந்தால்தான் லாபம் என்றே பேச முடியும். பத்து மடங்கு கிடைத்தால்கூட அது ஆண்டுக்கு 12 சதவீதம் சுமார்தான். நல்ல வருமானம், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி ஜாக்பாட் இல்லை.

நான் இப்படிக் கணக்கு போடுவேன். இடையில் வெட்டிக் கலைத்தது போகக் கடைசியில் ஏக்கருக்கு 130 மரம் நிற்கும், ஒவ்வொன்றிலும் 15 அடிக்கு நேரான தண்டு, நடுச் சுற்றளவு 30 அங்குலம் என்றால் மரத்துக்குக் கிட்டத்தட்ட 5.8 கன அடி, ஏக்கருக்கு 750 கன அடி. இது நல்ல மண்ணும் தண்ணீரும் கவனிப்பும் உள்ள இடத்துக்கு. அதை உங்கள் ஊர் மில்லில் இன்றைக்கு இந்தச் சுற்றளவு உள்ள உருட்டு மரத்துக்கு என்ன விலையோ அதால் பெருக்குங்கள். விலை ஏறும் என்று சேர்த்துப் பெருக்காதீர்கள். உலகத்திலேயே அதிகம் தேக்கு இறக்குமதி செய்யும் நாடு இந்தியாதான், கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் பனாமாவிலிருந்தும் கன்டெய்னரில் வந்து இறங்குகிறது, உங்கள் மரம் அந்த மரத்தோடுதான் போட்டி போட வேண்டும்.

யூனிட், ஷேர் என்று வருகிறவர்களிடம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 1990களில் தமிழ்நாட்டில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. நிலத்தைப் பார்க்காமலேயே 'யூனிட்' வாங்கினார்கள், ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1992ல் தொடங்கிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998ல் சரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1999ல், கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதிமுறை கொண்டுவந்தது. பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தை நாங்களே பார்த்து, லாபத்தைப் பங்கு போட்டுத் தருகிறோம் என்று சொல்கிற யாரும் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று செபியின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வேறு வடிவத்தில் வருகிறது. கால் ஏக்கர் பண்ணை மனை, அதில் சந்தனமும் செம்மரமும் நட்டுத் தருகிறோம், பதினைந்து ஆண்டு நாங்களே பராமரிப்போம் என்கிறார்கள். அந்தப் பராமரிப்புக்கு எழுத்தில் என்ன உத்தரவாதம், கம்பெனி இல்லாமல் போனால் தண்ணீர்க் குழாயும் பாதையும் யாருடையது, மரம் யார் பெயரில் அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிப் பதிவேட்டில், ஏறும் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். என் கருத்து, சொந்தப் பெயரில் பட்டா இல்லாத மண்ணில் நிற்கும் மரத்தில் பணம் போடவே வேண்டாம்.

மண்ணும் தண்ணீரும்

கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கானொலி நடச் செய்த தேக்குத் தோட்டத்தில் இன்றும் மரங்கள் நிற்கின்றன. அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், சாலியாற்றங்கரை வண்டல். நம் பக்கம் காவிரி, கொள்ளிடம் படுகையிலும் தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால் கரைகளிலும் தேக்கு பருத்து நிற்பதும் அதனால்தான். ஆழமான மண், தண்ணீர் கிடைக்க வேண்டும், கிடைத்த தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தேக்கு.

என் நிலத்தில் வடகிழக்கு மூலை தாழ்வு. மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் நிற்கும். அங்கேயும் வரிசை விடாமல் தேக்கு வைத்தேன், அந்த மூலையில் இருந்த அறுபது கன்றில் மூன்றாம் ஆண்டு மிஞ்சியது ஒன்பது. பிறகு அதே இடத்தில் நீர்மருது வைத்தேன், அது நின்றது. ஆகவே மழைக்காலத்தில் ஒரு தடவை நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்காமல் எந்த மரம் என்று முடிவு செய்யாதீர்கள்.

நாலு இடத்தில் நாலடி ஆழம் தோண்டிப் பாருங்கள். இரண்டடியில் பாறையோ கெட்டிச் சரளையோ வந்தால் தேக்குக் கன்று முதல் மூன்று ஆண்டு ஜோராக வளர்ந்து உங்களை ஏமாற்றும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், கார அமில நிலை 6.5லிருந்து 7.5க்குள் இருந்தால் தேக்குக்குப் பிரச்சினை இல்லை. உவர் மண்ணில் வேண்டவே வேண்டாம்.

எந்த மரம்

பணம் சீக்கிரம் வேண்டுமென்றால் மலைவேம்பு, பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்கும் போகும், ஆறிலிருந்து எட்டு ஆண்டில் வெட்டலாம். குமிழ் அதற்கடுத்து. தேக்குக்கு இருபது ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'டிஷ்யூ கல்ச்சர், பன்னிரண்டு ஆண்டில் அறுவடை' என்று சொல்லி ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றை எனக்கும் விற்றார்கள், வளர்ச்சியும் சீரும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பன்னிரண்டாம் ஆண்டில் வெட்டிப் பார்த்த மரத்தில் பெரும்பகுதி வெள்ளை.

மகோகனி தென்னைக்கு இடையிலும் வரப்பிலும் நன்றாக வருகிறது. அதில் ஒரே தொல்லை குருத்துத் துளைப்பான், நுனியைத் துளைத்தால் தண்டு இரண்டாகக் கிளைத்துவிடும், அளவு டேப்போடு வருகிறவருக்கு அந்தக் கவட்டைக்கு மேலே மரம் மரமே இல்லை. சின்ன வயதில் வாரம் ஒரு முறை நுனியைப் பார்க்க முடியும் என்றால் வையுங்கள்.

சந்தனம் தனிக் கதை. அது பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வாழும் மரம், பைக் கன்றிலேயே கூட ஒரு துணைச் செடி வேண்டும், நட்ட பிறகு துவரை, அகத்தி, சவுக்கு என்று மாற்றி மாற்றித் துணை கொடுக்க வேண்டும். ஆடு விரும்பித் தின்னும். வைரம் ஏறிய பிறகு திருடனுக்குத் தெரியும். 2002ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம், ஆனால் விற்பனை வனத்துறை மூலம்தான். வீட்டை ஒட்டிய நிலத்தில், நாய் குரைத்தால் நீங்கள் எழுந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மரம், ஏற்றுமதி என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முடிவு செய்யும் முன் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கும் கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். கன்றும் ஆலோசனையும் இரண்டு இடத்திலும் கிடைக்கும்.

நடுவது

தேக்குக்குப் பைக் கன்றைவிட நாற்றுக் குச்சி நல்லது என்பது என் அனுபவம். ஓராண்டு நாற்றைப் பிடுங்கி, மேலே ஓர் அங்குலம் தண்டும் கீழே ஒரு சாண் வேரும் மட்டும் விட்டு நறுக்கியது, கட்டை விரல் பருமன் இருக்க வேண்டும். கடப்பாரையால் துளை போட்டு, இறக்கி, சுற்றி மண்ணை இறுக்கி மிதிக்க வேண்டும், காற்று இடைவெளி இருந்தால் காய்ந்துவிடும். பைக் கன்று வாங்கினால் ஒரு பையைக் கிழித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், வேர் அடியில் சுருண்டு கிடந்தால் அந்தக் கன்று பத்து ஆண்டு கழித்து ஒரு காற்றுக்குச் சாயும்.

எங்கள் பக்கம் புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். தென்மேற்கு மழை கிடைக்கிற ஊர்களில் ஆடிக்கு முன். மழையை நம்பினாலும் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும்.

இடைவெளியில்தான் ஆசை குறுக்கே வரும். ஆறரை அடிக்கு ஆறரை அடி வைத்தால் ஏக்கருக்கு ஆயிரம் மரம் பிடிக்கும், ஆயிரத்தை விலையால் பெருக்கினால் கோடி வரும். அப்படி யாருக்கும் வந்ததில்லை. பத்துக்குப் பத்து வைத்தால் 435, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வைத்தால் 302. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பத்துக்குப் பத்து போதும், பிறகு சிலதை வெட்டிக் கலைப்பதற்கும் கொஞ்சம் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு நடுவில் உளுந்தோ கடலையோ போடுங்கள், அந்தச் சாக்கில் களை எடுக்கப்படும், தண்ணீர் பாயும், நீங்களும் தோட்டத்துக்குப் போவீர்கள்.

முதல் பத்து ஆண்டு

பணம் உண்டாவதும் போவதும் இங்கேதான். குச்சியிலிருந்து மூன்று நாலு தளிர் வரும், நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளையை விரல் பருமன் இருக்கும்போதே எடுக்க வேண்டும், அரிவாளால் வெட்டக் கூடாது, கைரம்பத்தால் தண்டை ஒட்டி, தண்டின் பட்டை கிழியாமல். கிளையைத் தடிக்க விட்டு வெட்டினால் உள்ளே முடிச்சு நிற்கும், பலகையில் அது தெரியும், விலை இறங்கும். அதற்காக மொட்டையடித்துவிடவும் கூடாது, மரத்தின் மேல் பாதி இலையோடு இருக்க வேண்டும்.

அப்புறம் கலைத்து விடுவது. ஐந்தாறு ஆண்டில் ஒரு முறை, பத்தாம் ஆண்டு வாக்கில் ஒரு முறை, வளைந்தது, கவட்டையானது, பக்கத்து மரத்தின் நிழலில் அமுங்கிப்போனது எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். முதல் முறை எடுப்பது பந்தல் கால், கொட்டகைக் கால் விலைக்குத்தான் போகும். கை வராது, எனக்கும் வரவில்லை. மேற்குப் பக்கம் ஒரு ஏக்கரைக் கலைத்தேன், கிழக்குப் பக்கத்தை 'இன்னும் இரண்டு வருடம் போகட்டும்' என்று விட்டுவைத்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, நெருக்கத்தில் உயரம் மட்டும் போய் ஒல்லியாக நின்ற கிழக்குப் பக்கத்து மரங்கள்தான் வரிசையாகச் சாய்ந்தன. அந்த வாரம் ஊர் முழுக்க மரம் சாய்ந்து கிடந்தது, விறகு விலைதான் சொன்னார்கள், பேரம் பேச யாருக்கும் தெம்பு இல்லை. கலைத்த பக்கத்தில் இன்று சராசரிச் சுற்றளவு 34 அங்குலம், கிழக்குப் பக்கத்தில் பிழைத்து நிற்பதில் 25. அதே கன்று, அதே கிணறு.

இலை தின்னும் புழு மழை தொடங்கியதும் வரும், தோட்டம் முழுக்க நரம்பு மட்டும் நிற்கும், பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரிய மரம் மறுபடி தளிர்த்துக்கொள்ளும். தீ அப்படி இல்லை. மாசி, பங்குனியில் தேக்குச் சருகு முழங்கால் உயரம் கிடக்கும், சுற்றிலும் பத்தடிக்கு உழுது சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தைக்கும், மார்பு உயரத்தில், இருபது மரத்தை டேப் போட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு ஆண்டு சேர்ந்தாற்போல் வளர்ச்சி குறைந்தால் கலைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, அல்லது தண்ணீர் போதவில்லை.

காகிதம்

நட்ட ஆண்டே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் மரத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் ஏற்றுங்கள். இருபது ஆண்டு கழித்து இது என் நிலத்து மரம் என்று காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். நிலம் புதிதாக வாங்குவதென்றால் வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், பட்டியல் சாதியினருக்கென்று அரசு கொடுத்த பஞ்சமி நிலமா, அருகில் காப்புக்காடு உண்டா, மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 அந்த ஊருக்குப் பொருந்துமா என்று தாலுகா அலுவலகத்திலும் வன அலுவலகத்திலும் கேளுங்கள், அந்தச் சட்டம் உள்ள ஊரில் உங்கள் மரத்தையே அனுமதியின்றி வெட்ட முடியாது.

தேக்கு, சந்தனம், செம்மரம், ஈட்டி இவற்றுக்கு வெட்டும்போதும் கொண்டுபோகும்போதும் வனத்துறை அனுமதியும், மரத்தை ஏற்றிச் செல்ல வழிச்சீட்டும் தேவைப்படும். விதிகள் அவ்வப்போது மாறும், ஆகவே நடும் முன் ஒரு தடவை, வெட்டுவதற்கு ஆறு மாதம் முன் ஒரு தடவை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் பட்டா இருந்து நாலு பிள்ளைகள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், வியாபாரி வந்து நிற்கிற அன்று தம்பியிடம் கையெழுத்துக் கேட்கப் போகாதீர்கள்.

வருமான வரிக்கும் காகிதம் தேவை. உழுது, நட்டு, பராமரித்து வளர்த்த மரத்தின் வருமானம் விவசாய வருமானம், தானாக முளைத்த காட்டு மரம் அப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. கன்று வாங்கிய ரசீதையும் கூலி கொடுத்த நோட்டையும் பத்திரமாக வையுங்கள், ஆடிட்டர் கேட்பார்.

விற்பது

தரகர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து 'மொத்தமாக இவ்வளவு' என்பார். சரி என்று சொல்லாதீர்கள். அவர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ட்டில் எண் போட்டு, சுற்றளவும் நேரான தண்டு உயரமும் எழுதிப் பட்டியல் வைத்திருங்கள். நிற்கிற மரத்தின் நடுச் சுற்றளவைத் தரையிலிருந்து எடுக்க முடியாது, மார்பு உயரத்து அளவிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு மரத்தை வெட்டி அளந்து மற்றதற்கு அதே விகிதம் போடுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பட்டைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், வெட்டுக் கூலி யார் தலையில், கிரேன், லாரி யார் செலவு, நுனி மரமும் கிளையும் யாருக்கு, வழிச்சீட்டுக்கு யார் அலைவது, எல்லாம் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. தேவைக்கு இருபது முப்பது என்று பருத்த மரமாகப் பார்த்து எடுத்தால் மீதி இன்னும் பருக்கும். வெட்டும்போது தரையை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள், அடிமரத்து ஓரடியில்தான் கன அடி அதிகம், அதுவுமில்லாமல் அந்தக் கட்டையிலிருந்து தளிர் வரும், ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினால் அடுத்த தேக்கு அங்கேயே கிளம்பிவிடும். லாரி வாசலைத் தாண்டும் முன் அந்த லோடுக்கான பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.